தலைவர் எழும்வரை

இன்றைக்கு நியமனப் பத்திரம் கொடுக்க மூன்று தூதர்கள், இரண்டு பேர் முடிந்தாயிற்று, மூன்றாமவர் வண்டியில் வந்துகொண்டிருக்கிறார், நான் அரங்கத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கஞ்சி போட்ட புடவை. உட்கார்ந்தால் முன்பக்கம் கூடாரம் மாதிரி எழும்புகிறது, அழுத்தினால் மொடமொடவென்று சத்தம் போடுகிறது. இந்த மாளிகையில் எதையும் லேசாகச் செய்ய மாட்டார்கள், கொஞ்சம் கஞ்சி போடுங்கள் என்றால் பலகையாக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். வெளியே குதிரைகள் கால் மாற்றி நிற்கிற சத்தம். சிவப்பு அங்கியும் தலைப்பாகையும் ஈட்டியுமாக ஒரு குதிரைப்படை, ஒவ்வொரு தூதருக்கும் ஒரு தடவை மரியாதை செய்துவிட்டு அடுத்தவருக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. நான் குடியரசுத் தலைவர், முப்படைகளின் தலைமை என்னிடம். தரைப்படை, கடற்படை, வான்படை எல்லாம் என் பெயரில். ஆனால் என் தலையசைப்புக்கு நகர்கிற படை என்று பார்த்தால் இந்தக் குதிரைகள்தான், அவையும் நேரே என்னைப் பார்த்து நகர்வதில்லை, நான் தலையசைத்து, அதைப் பார்த்து அதிகாரி கத்தி, அப்புறம்தான் நகரும். கதவோரம் துருவ் நிற்கிறார், என் ஏ.டி.சி., கூடவே நிற்கிற படை உதவியாளர், கடற்படைக்காரர், தண்ணீரில் விழுந்தாலும் கலையாத மாதிரி ஒரு வெள்ளைச் சீருடை. “இரண்டு நிமிடம், மேடம்” என்கிறார். அவருடைய இரண்டு நிமிடம் உண்மையான இரண்டு நிமிடம். அதற்குள் என் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்த மூன்றாமவருடைய நாட்டுச் சிறையில்தான் ததேயு இருக்கிறான். இன்னும் உயிரோடு இருக்கிறானா என்பது எனக்குத் தெரியாது, அவன் பெண்டாட்டிக்குத் தெரியாது, என் அரசாங்கத்துக்கும் தெரியாது. இப்போது வரப்போகிற மனிதருக்குத் தெரிந்திருக்கும்.

ததேயுவை நான் பார்த்ததில்லை. ஷீபாவைத்தான் தெரியும். சகாய ஷீபா, பி.ஏ. இரண்டாம் வருடம், நாகர்கோவிலில் நான் அரசியல் பாடம் எடுத்த கல்லூரியில் ஜன்னலோர பெஞ்சில் உட்காருவாள், கடற்கரை ஊர்ப் பெண், குரல் வகுப்பைத் தாண்டி வராந்தா வரை போகும். பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனாள். மாப்பிள்ளைதான் ததேயு. வளைகுடாவில் ஒரு முதலாளியின் விசைப்படகில் மீன் பிடிக்கப் போனவன், ஒரு ராத்திரி எல்லை தெரியாமல் அடுத்த நாட்டுக் கடலுக்குள் போய்விட்டார்கள், ரோந்துப் படகு விரட்டியது, இரண்டு படகும் மோதின, அந்த நாட்டுக் காவலன் ஒருவன் செத்துப்போனான். சுக்கானைப் பிடித்திருந்தவன் ததேயு. மரண தண்டனை. மேல் நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. இனி அவர்கள் மன்னர் மன்னித்தால் உண்டு. போன மாதம் யாரோ ஒரு குரல் பதிவை அனுப்பியிருக்கிறார்கள், தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள் என்று, யார் அனுப்பியது என்று தெரியாது, ஊர் பூராவும் சுற்றிவிட்டது. கோயிலில் மணியடிக்கலாமா வேண்டாமா என்று பாதிரியார் தவிக்கிறாராம். செத்தவனுக்கு அடிக்கிற மணியை இருக்கிறவனுக்கு அடித்துவிட்டால் என்ன செய்வது. அமைச்சகத்திடம் கேட்டால் உறுதி செய்யப்பட்ட தகவல் இல்லை என்கிறார்கள். அது பொய்யில்லை. அந்த நாடு வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். ஷீபா போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறி வந்துவிட்டாள். ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தாள், எனக்கு. பாதுகாப்புக்காரர்கள் அதை மோப்ப நாய்க்குக் காட்டியிருக்கிறார்கள், நாய்க்கு ஒரே சந்தோஷம், பொட்டலம் என்னிடம் வந்துசேரவில்லை. “நல்ல காஞ்ச நெத்திலியாக்கும் டீச்சர், மண்ணு ஒண்ணும் கெடயாது” என்று அதற்குத்தான் முதலில் வருத்தப்பட்டாள். மற்றதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கருவாட்டிலிருந்துதான் அவனிடம் வந்தாள். அவன் அவள் கையால் வைத்த மீனைத்தான் தொடுவானாம், வேறு எவள் வைத்தாலும் முகத்தைச் சுளிப்பானாம், சொந்த அக்காள் வீட்டிலேயே தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்தவனாம். அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்து அப்படியே அழுதுவிட்டாள். மகள் எழுந்துபோய் துருவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “அம்மோ, இவிய போலீசா?” “இல்ல மக்ளே, நேவி. டீச்சருக்க நேவி.” சொல்லிவிட்டு ஷீபா என் பக்கம் திரும்பினாள், முகம் துடைத்தாயிற்று, குரல் பழைய ஷீபாவாகிவிட்டது. “ஒரு கப்பலு அனுப்பப்பிடாதா டீச்சர்?” துருவுக்குத் தமிழ் தெரியாது, நேவி என்ற சொல் மட்டும் புரிந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அப்படிக் கேட்டதில் தப்பில்லை, அவள் படித்தது அப்படித்தான். வெளியுறவில் குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள், படைகள் மீது அவருக்குள்ள அதிகாரங்கள், இந்தப் பாடத்தை நான் எப்போதும் இரண்டு வகுப்பாகத்தான் எடுப்பேன். முதல் வகுப்பில் அவ்வளவையும் தூக்கி அவர் தலையில் வைப்பேன். நம் தூதர்களை அனுப்புவது அவர், பிற நாட்டுத் தூதர்களை ஏற்பது அவர், உடன்படிக்கைகள் அவர் பெயரில், போர் அறிவிப்பு அவர் பெயரில், சமாதானமும் அவர் பெயரில், மூன்று படைகளின் தலைமை அவரிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு, பிள்ளைகள் தூங்கி விழும், அதனால் கொஞ்சம் அலங்காரமாகவே சொல்வேன், ராஜா கதை மாதிரி. மணி அடிக்கும். மறுநாள் வகுப்பை ஆனால் என்ற ஒரு சொல்லோடு ஆரம்பிப்பேன். ஆனால் இதில் எதையும் அவராகச் செய்ய முடியாது, அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான், பிடிக்காவிட்டால் ஒருமுறை திருப்பி அனுப்பலாம், மறுபடி வந்தால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அந்த ஆனாலைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு ஏமாற்றம் தெரியும், அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், பாடம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஷீபா முதல் வகுப்புக்கு வந்தாள். மறுநாள் அவளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கப்புறம் கல்லூரிக்கே வரவில்லை. அவளைப் பொறுத்தவரை அந்த ஆனால் இன்னும் வரவில்லை. போன வாரம் சொல்லிப் பார்த்தேன். இதெல்லாம் பெயருக்குத்தான் ஷீபா, நானாக ஒன்றும் செய்ய முடியாது, அரசாங்கம் சொல்கிறபடிதான் என்றேன். மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள், நான் என்னவோ மறந்துபோய்த் தப்பாகச் சொல்கிற மாதிரி. “ஒங்களுக்கு ஒண்ணும் செய்ய முடியாதுன்னா பின்ன எதுக்கு டீச்சர் ஒங்கள இத்தற பெரிய வீட்டுல வச்சிருக்காவ?” முப்பது வருடம் பாடம் எடுத்திருக்கிறேன், இந்தக் கேள்வியை ஒருத்தியும் கேட்டதில்லை. எந்தப் பரீட்சைத் தாளிலும் வந்ததில்லை. நான் அவளுக்கு டீ வரவழைத்தேன்.

எதற்கு வைத்திருக்கிறார்கள். ஒத்துப்போகாத இரண்டு கூட்டணியும் வேறு வழியில்லாமல் ஒத்துப்போன பெயர் என்னுடையது. பெண், ஆசிரியை, தெற்கு, யாருக்கும் தொந்தரவு இல்லை. யாருக்கும் தொந்தரவு இல்லை என்று அப்போது ஒரு பத்திரிகை எழுதியதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். சரி, அதை விடு. நேற்று அஸ்தானா வந்திருந்தார், வெளியுறவு அமைச்சகத்தின் செயலர்களில் ஒருவர், மெல்லிய குரல், கண்ணாடியைக் கழற்றாமலே துடைக்கிற பழக்கம். தூதரோடு டீ சாப்பிடும்போது பேச வேண்டிய விஷயங்கள் மூன்று என்றார். எண்ணெய், துறைமுகம், கலை விழா. நாலாவது ஒன்று இருக்கிறதே என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று உடனே புரிந்துகொண்டார், அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்க வேண்டும். “அது மட்டும் வேண்டாம், மேடம். கீழ்மட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். செத்த காவலருடைய குடும்பத்தோடும் பேச்சு நடக்கிறது. குடியரசுத் தலைவர் கேட்டு மன்னர் மறுத்துவிட்டால் அதற்கு மேலே போய்க் கேட்க நமக்கு இடமில்லை. கடைசிக் கதவு அது. அப்படி ஒரு கதவு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும், நாம் தட்டக் கூடாது.” போன வருடம் வேறொரு நாட்டு அதிபர் மேடையிலேயே தன் ஆள் ஒருவன் பெயரைச் சொல்லி விடுவிக்கக் கேட்டாராம். மன்னருக்கு அது அவமானமாகிவிட்டதாம். அந்த வாரமே ஆளை முடித்துவிட்டார்களாம். உயிரோடு இருக்கிறானா என்றாவது கேட்கலாமா என்றேன். “அதுவும் கேள்விதான், மேடம். தெரியாது என்று தூதர் சொல்லிவிட்டால் அந்தப் பதிலை நாம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், மறுபடி கேட்க முடியாது.” அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. நான் மார்க் போட்டால் நூற்றுக்கு நூறு. அதனால்தான் பயம் பிடித்துக்கொண்டது. மனிதர் முட்டாளாக இருந்தால் துணிந்து பேசியிருப்பேன். இப்போது என் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தால் அதுவே அவன் கழுத்தில் போய் விழுமோ என்று நேற்றிலிருந்து நாக்கைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் பல் தேய்க்கும்போது அந்தப் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், வெளியே போய்விட்டால் உள்ளே இருக்காது என்று. போகவில்லை. ராத்திரி அழகாக யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது, என் மாணவி ஒருத்தி வந்திருந்தாள் என்று ஆரம்பிக்கிற வாக்கியம், அதில் கேள்வி இல்லை, வேண்டுகோள் இல்லை, வெறும் செய்தி. ஆனால் வெறும் செய்தியை எதற்கு ஒரு தூதரிடம் சொல்ல வேண்டும். அஸ்தானா பக்கத்திலேயே பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேனா. துருவ் கதவைத் திறந்துவிட்டார், எழ வேண்டும்.

முழங்கால். இடது முழங்கால் கொஞ்ச நாளாகச் சொன்ன பேச்சு கேட்பதில்லை, நாற்காலிக் கையை அழுத்தி, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் எழ வேண்டும். எழுந்துவிட்டால் அப்புறம் தொந்தரவில்லை. அரங்கம், சிவப்புக் கம்பளம், மேலே தொங்குகிற விளக்கு, அதை எப்படித்தான் துடைக்கிறார்களோ. தேசிய கீதம். குதிரைகள் வெளியே சத்தமில்லாமல் நின்றுவிட்டன, அவற்றுக்கும் கீதம் தெரியும் போலிருக்கிறது. எதிரே வருகிற மனிதருக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவாக இருக்கும், ஒட்ட வெட்டிய தாடி, நீண்ட அங்கி, மூக்கு சிவந்திருக்கிறது. ஜலதோஷம். டெல்லிக் குளிர் வந்த வாரமே பிடித்துக்கொண்டுவிட்டது. நான் ஒரு அரக்கனை எதிர்பார்த்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தும்மலை அடக்கிக்கொண்டு நடந்து வருகிற ஒரு மனிதர். குனிந்து வணங்குகிறார், மறுபடி நடக்கிறார், மறுபடி வணங்குகிறார், தப்பு செய்துவிடக் கூடாது என்கிற கவலை தோளில் தெரிகிறது. தன் மன்னரின் நியமனப் பத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டுகிறார். நான் இரண்டு கையாலும் வாங்குகிறேன். இந்த விரல்கள் வாங்கிய இந்தக் கணத்திலிருந்து அவர் தூதர், அதுவரை வெறும் விருந்தாளி. தூதர்களை ஏற்பது அவர், முதல் வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு. வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு எண்ணம் சட்டென்று வந்துவிட்டுப் போனது. கையைக் கட்டிக்கொண்டு நின்றால். முதலில் அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல், பிறகு உன் காகிதத்தை வாங்குகிறேன் என்றால். நாளைக்குப் பத்திரிகையில் என் மூளையைப் பற்றி எழுதுவார்கள், நாளை மறுநாள் அங்கே கயிறு மாட்டுவார்கள். வாங்கிவிட்டேன். துருவ் என் கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டுபோய்விட்டார். பிறகு நான் வாசிக்க வேண்டிய உரை, இரு நாட்டுக்கும் இடையே காலங்காலமாக உள்ள நட்பு, கடல்வழி உறவு. கடல்வழி உறவு என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தட்டுப்பட்டது. யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காதது மாதிரி நின்றார்கள்.

பக்கத்து அறையில் டீ. நான் ஒரு நாற்காலியில், அவர் எதிரே ஒரு நாற்காலியில், அஸ்தானா சற்றுத் தள்ளிப் பேனாவோடு, அவர்கள் தூதரகத்து இளைஞர் ஒருவர் அவரும் பேனாவோடு, துருவ் கதவோரம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். எண்ணெய் பற்றிச் சொன்னேன். அவர் எண்ணெய் பற்றிச் சொன்னார். துறைமுகம். அவர் மன்னருக்கு அதில் தனி ஆர்வம் உண்டாம். மகிழ்ச்சி என்றேன். கலை விழா. எங்கள் நடனங்களை அங்கே மக்கள் விரும்பிப் பார்ப்பார்களாம். அதற்கும் மகிழ்ச்சி. கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், நான் மிளகு தட்டிப்போட்டுப் பால் குடிக்கச் சொன்னேன், அது பட்டியலில் இல்லை, ஆனால் அஸ்தானா சிரித்துக்கொண்டார், இப்படிப்பட்டதை அனுமதிப்பார்கள், அம்மாள் அன்பாக இருக்கிறார் என்று வெளியே சொல்லலாம். அவ்வளவுதான். முடிந்தது. விடைபெறும் வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன், உங்கள் பணி சிறக்கட்டும் என்று. இனி நான் எழ வேண்டும், நான் எழுந்ததும் எல்லோரும் எழுவார்கள், அவர் வணங்குவார், போய்விடுவார். என் மாணவி ஒருத்தி என்ற வாக்கியம் நாக்கிலேயே நிற்கிறது, இனி அது அங்கேயேதான் இருக்கும். ஷீபா ஊரிலிருந்து போனில் கேட்பாள், இன்னைக்கு அவியள பாத்தியளா டீச்சர் என்று. பார்த்தேன் ஷீபா, துறைமுகம் பற்றிப் பேசினோம் என்பேன். நாற்காலிக் கையை அழுத்தினேன். முழங்கால் வரமாட்டேன் என்றது. ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று அப்படியே இருந்தேன்.

அந்த ஒரு மூச்சில்தான் பார்த்தேன். எழப்போகிறேன் என்று நினைத்து அறையே முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. தூதர் கோப்பையை வைத்துவிட்டு அங்கியைச் சரிசெய்துகொண்டுவிட்டார். அஸ்தானா பேனாவை மூடிவிட்டார். துருவ் கை கதவுப் பிடியில். எல்லோரும் என் முழங்காலுக்காகக் காத்திருக்கிறார்கள். நான் எழாமல் இந்த அறையில் ஒருவரும் எழ முடியாது. அது சட்டமில்லை, வெறும் மரபு, ஆனால் இந்த மாளிகையில் சட்டத்தைவிட மரபுக்கு எடை அதிகம். கையை நாற்காலிக் கையிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். புடவை மொடமொடவென்றது. தூதர் மறுபடி பின்னால் சாய்ந்தார், என்னவோ மிச்சம் இருக்கிறது என்று. நான் அவரைப் பார்த்தேன். கோபமாக இல்லை. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வராவிட்டால் நான் திட்டுவதில்லை, சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன், சும்மா, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு. கத்தி வகுப்பை அடக்குகிறவர்கள்கூட என் வகுப்பைப் பார்த்து அதிசயப்படுவார்கள். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் யாராவது ஒருத்தி எழுந்து எதையாவது சொல்லிவிடுவாள், அநேகமாக ஷீபாதான். ஆனால் இங்கே நான் கேள்வியே கேட்கவில்லையே. கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள். சும்மா இருப்பதும் கேள்விதான் மேடம் என்பார் அஸ்தானா. அப்படியா, எந்த வாக்கியத்தில் கேட்டேன், குறித்துக்கொண்டீர்களா. அரசியல் சட்டத்தை ஒவ்வொரு பிரிவாக மனசுக்குள் புரட்டிப் பார்க்கிறேன், குடியரசுத் தலைவர் தூதரோடு டீ சாப்பிட்டபின் எப்போது எழ வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அமைச்சரவையின் ஆலோசனைப்படி எழ வேண்டும் என்று இல்லை. ஒருமுறை திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அஸ்தானா தொண்டையைக் கனைக்கிறார். துருவ் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார், பார்வை நேரே, முகத்தில் ஒன்றுமில்லை, ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், டீச்சருக்க நேவி. பயமாக இருக்கிறது. இது தட்டுவதா, தட்டாமல் இருப்பதா. கதவுக்கு முன்னால் போய் நின்றுகொள்வது எதில் சேரும். அவமானப்படுத்துகிறேன் என்று இவர் நினைத்துவிட்டால், ராத்திரியே மன்னருக்குச் செய்தி போய்விட்டால், அந்த ஊர்க் கோயிலில் மணி அடித்துவிட்டால். எழுந்துவிடு. முழங்கால் இப்போது வரும். எழுந்துவிடு லீலா. எழவில்லை.

“டெல்லிக் குளிர் எனக்குப் புதிது” என்றார் தூதர். ஆமாம் என்று தலையசைத்தேன். மறுபடி ஒன்றுமில்லை. வெளியே ஒரு குதிரை மூச்சைச் சீறி விட்டது. அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “தங்கள் ஊரில் குளிர் இருக்காது. கடற்கரை என்று சொன்னார்கள்.” “ஆமாம்” என்றேன். எனக்குத் தெரிந்த எல்லாப் பொறுமையையும் அந்த ஒரு ஆமாமில் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர்கள் இளைஞரின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நிற்கிறது. தூதர் என் முகத்தைப் பார்த்தார், முதல் தடவையாக, தூதராக இல்லாமல். பிறகு தன் கையைப் பார்த்தார். “அந்தக் கடற்கரையிலிருந்து எங்கள் பக்கம் நிறையப் பேர் வருகிறார்கள். நல்ல மீனவர்கள்.” “ஆமாம்.” அஸ்தானா நகர்ந்து உட்கார்ந்தார், நாற்காலி கீச்சென்றது. தூதர் இளைஞரின் பக்கம் திரும்பி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார், இளைஞர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “தாத்தேயூ” என்றார் தூதர். எனக்கு ஒரு நொடி புரியவில்லை, அவர் வாயில் அந்தப் பெயர் நீண்டு போயிருந்தது. நான் சொல்லவில்லை. நான் சொல்லாத பெயர் அறை நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவரைப் பற்றிச் சிறை அதிகாரிக்கு ஒரு புகார் உண்டு, மேடம். எல்லாம் சாப்பிடுகிறாராம், மீனை மட்டும் தொடுவதில்லையாம். எங்களுக்கு மீன் சமைக்கத் தெரியவில்லை என்கிறாராம். நான் புறப்படுவதற்கு முதல் நாள் மன்னரைப் பார்க்கப் போனபோதும் இந்தப் பேச்சு வந்தது. போன வெள்ளிக்கிழமை. மன்னர் சிரித்துவிட்டார்.” கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டார், அதற்குள் எதையோ யோசித்து முடிவு செய்கிற மாதிரி இருந்தது. “எனக்குத் தெரிந்து, ஒரு ஆளைப் பற்றிச் சிரித்தபின் அந்த ஆளின் சாவுக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை.” நான் நன்றி சொல்லக் கூடாது, நன்றி சொன்னால் கேட்டதாக ஆகிவிடும். கண்ணில் நீர் வரக் கூடாது, அதுவும் அப்படித்தான். “எங்கள் பக்கம் தேங்காய் அரைத்துச் சேர்ப்பார்கள்” என்றேன். “அப்படியா” என்றார், மிகவும் முக்கியமான தகவல் மாதிரி. நாற்காலிக் கையை அழுத்தினேன், மூச்சு இழுத்தேன், எழுந்தேன். எல்லோரும் எழுந்தார்கள்.

தூதர் வணங்கிவிட்டுப் போனார், குதிரைகள் அவருக்கு மரியாதை செய்கிற சத்தம் கேட்டது, அஸ்தானா கண்ணாடியைக் கழற்றி, ஆமாம், கழற்றியே துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். “மேடம், தேங்காய் நாம் பேசிக்கொண்ட மூன்றில் இல்லை.” “நான் எதுவும் கேட்கவில்லை, மிஸ்டர் அஸ்தானா.” “இல்லை, மேடம். நீங்கள் கேட்கவில்லை. நானும் அப்படித்தான் எழுதப்போகிறேன்” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, அவர் மனைவியிடம், அதாவது அந்தப் பெண்ணிடம், அவர், கணவர், உயிரோடு இருக்கிறார் என்று நீங்கள் சொல்வதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, பத்திரிகைக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அவசரத்தில் வாக்கியம் குழம்பிவிட்டது, அவ்வளவு படித்த மனிதருக்கு. துருவ் போனை நீட்டினார், எண்ணை அவரே போட்டு வைத்திருந்தார். ஒரு மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் அலைச் சத்தமோ மிக்சிச் சத்தமோ தெரியவில்லை. “ஷீபா,” என்றேன், “ததேயு அங்க வைக்கிற மீனைத் தொடறதில்லையாம்.” அந்தப் பக்கம் சத்தம் நின்றது. மிக்சிதான். “எப்பம் டீச்சர்?” “போன வெள்ளிக்கிழமை நிலவரம். சிறை அதிகாரி புகார் சொல்றாராம். மன்னர் கேட்டுச் சிரிச்சாராம். மணி அடிக்க வேண்டாம்னு பாதிரியார்கிட்ட சொல்லிடு.” அழுகையும் சிரிப்புமாக, வராந்தா வரை போகிற அந்தக் குரலில், “பின்ன திம்பாவளா?” என்றாள். “அவிய எப்பிடி டீச்சர் திம்பாவ?” மகளைக் கூப்பிட்டாள், யாரையோ கூப்பிட்டாள், மறுபடி என்னிடம் வந்தாள். “எனக்குத் தெரியும் டீச்சர். அன்னைக்கே நீங்க பாடம் எடுத்தியள்லா. எல்லாம் ஒங்களுக்க பேரிலதான.” ஆனால் என்ற சொல் என் வாய் வரைக்கும் வந்தது. அவள் விடாமல் அழுதுகொண்டிருந்தாள். அந்த இரண்டாம் வகுப்பை நான் எடுக்கவில்லை.